பத்தும் பட்டும்: குழந்தையின் காதுக்குள் மொழி குடியேறும் கதை

பத்து, பட்டு. இந்த இரண்டு சொற்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் நாக்கின் நுனி மேல்வரிசைப் பற்களின் பின்பக்கத்தைத் தொடுகிறது. இரண்டாவது சொல்லில் அதே நாக்கு சற்றுப் பின்னுக்கு வளைந்து மேல் அண்ணத்தைத் தொடுகிறது. நாக்கு நகர்ந்த தூரம் ஏறக்குறைய ஒரு விரல் அகலம்தான். அந்தச் சிறு தூரத்தில் பத்து வெள்ளி பட்டுச் சேலையாகிவிடுகிறது.

தமிழ் பேசும் யாருக்கும் இதில் குழப்பம் வராது. ஆனால் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவரிடம் இரண்டையும் சொல்லிக் காட்டினால், "ஒரே சொல்லைத்தானே இரண்டு முறை சொல்கிறீர்கள்?" என்று கேட்டாலும் கேட்பார். ஆங்கிலத்தின் ஒலி இந்த இரண்டுக்கும் நடுவில், பல் ஈறின் மேட்டில் பிறக்கிறது. அந்த மொழிக்கு அங்கே ஒரே பெட்டிதான். நம்மிடம் இரண்டு பெட்டிகள் இருப்பதால் வேற்றுமொழிச் சொற்களையும் நாம் அறியாமலே பிரித்துப் போட்டுக்கொள்கிறோம். ஆங்கிலத்திலிருந்து வந்த 'டிக்கெட்'டும் 'டாக்ட'ரும் 'ட' பெட்டிக்குள் விழுந்தன. பல்லைத் தொட்டுப் பிறக்கும் மலாய் ஒலியோ 'த' பெட்டிக்குள் விழுந்தது. நாம் குடியிருக்கும் தாமான், 'டாமான்' ஆகாததற்கும், மலாய் 'பாத்து' நம் வாயில் பத்துமலை ஆனதற்கும் காரணம் இதுதான்.

இந்தப் பெட்டிகளோடுதான் நாம் பிறந்தோமா? இந்தக் கேள்வியைக் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதே ஒலிகளைக் கொண்டு சோதித்தார்கள். இந்தியிலும் பல்லைத் தொடும் 'த' ஒலியும் அண்ணத்தைத் தொடும் 'ட' ஒலியும் உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தையைத் தாயின் மடியில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். திடீரென்று மற்ற ஒலிக்கு மாற்றினார்கள். மாறியதும் குழந்தை தலையைத் திருப்பினால், அங்கே விளக்கு எரிந்து ஒரு பொம்மை ஆடும். பொம்மையைப் பார்க்கும் ஆசையில் குழந்தை மாற்றத்திற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். பேசத் தெரியாத பிள்ளையிடம் பதில் வாங்க இதைவிட அழகான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

1984இல் வெளிவந்த முடிவு இது. 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்த இந்தி ஒலிகளைப் பிரித்துக் கேட்டார்கள். அவர்களுடைய பெற்றோரால் கேட்க முடியாத வேறுபாடு அது! 8 முதல் 10 மாதத்தில் அந்தத் திறன் குறையத் தொடங்கியது. 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே பிரித்தார்கள். அதே வயதில் இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கோ எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

காது மழுங்கிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். இரட்டையர்களை வீட்டார் எளிதாக அடையாளம் காண்பார்கள். நமக்கு இருவரும் ஒன்றுபோலவே இருப்பார்கள். நம் கண்ணில் கோளாறில்லை, பிரித்தறியும் தேவை நமக்கு வந்ததில்லை. குழந்தையின் மூளையும் தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு எந்த வேறுபாடு தேவை, எது தேவையில்லை என்று கணக்குப் போட்டு, தேவையானதில் கூர்மையாகிறது. இந்தக் கணக்கின் பெரும்பகுதி முதல் பிறந்தநாளுக்கு முன்பே நடக்கிறது. "பிள்ளை இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே, அதுகிட்ட என்ன பேசறது?" என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்லவேண்டும். பேசத் தொடங்குமுன் அது ஓராண்டுக் காலம் பாடம் கேட்டு முடித்திருக்கிறது.

ஓராண்டு என்பதுகூடக் குறைவு. கர்ப்பத்தின் கடைசி 3 மாதங்களில் சிசுவின் காது வேலை செய்கிறது. வயிற்றுச் சுவரையும் பனிக்குட நீரையும் தாண்டி உள்ளே போகும் பேச்சில் சொற்கள் மங்கிவிடுகின்றன, ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சுகிறது. பக்கத்து வீட்டு வானொலி சுவர் வழியாகக் கேட்பதைப்போல: என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது, செய்தியா, விளம்பரமா என்று தெரிந்துவிடும். 2009இல் ஜெர்மனியைச் சேர்ந்த கேத்லீன் வெர்ம்கேயின் குழுவினர், பிறந்து சில நாள்களே ஆன 30 பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை மேலேறிச் செல்லும் போக்கிலும், ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழிறங்கும் போக்கிலும் அமைந்திருந்தன. அந்தந்த மொழிப் பேச்சின் ராகமும் அப்படிப்பட்டதுதான். அபிமன்யு கதையை நினைத்துக்கொண்டு யாரும் வயிற்றில் ஒலிபெருக்கியைக் கட்டவேண்டாம். தாய் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தாலே போதும்.

சரி, ஒலிகள் பிடிபட்டுவிட்டன. அடுத்து, சொற்களை எப்படிப் பிடிக்கிறது? எழுதும்போது சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறோம். பேச்சில் அப்படி எதுவும் கிடையாது. சந்தேகமிருந்தால் பாண்டான் இண்டா இரவுச் சந்தையில் இரண்டு கடைக்காரர்கள் கான்டனீஸ் மொழியில் வேகமாகப் பேசுவதைக் கேளுங்கள். ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியவே தெரியாது. குழந்தைக்கு நம் தமிழும் முதலில் இப்படித்தான் இருக்கிறது.

ஒரு நாள் முழுக்க அது கேட்பவை: 'அம்மாவந்துட்டேன்', 'அம்மாகிட்டவா', 'அம்மாஎங்க', 'பாருஅம்மா'. இதில் 'அம்' என்ற அசைக்குப் பின் மிகப் பெரும்பாலும் 'மா' வருகிறது. 'மா'வுக்குப் பின்னாலோ எது வேண்டுமானாலும் வருகிறது. எங்கே அடுத்த அசையை ஊகிக்க முடிகிறதோ அது சொல்லின் உள்பகுதி. ஊகிக்க முடியாத இடம் சொல்லின் எல்லை. எட்டு மாதக் குழந்தை இப்படிப் புள்ளிவிவரம் எடுக்குமா என்று நீங்கள் கேட்கலாம். 1996இல் அமெரிக்காவின் ஜென்னி சாஃப்ரானும் அவருடைய சக ஆய்வாளர்களும் மூன்று அசைகள் கொண்ட பொருளற்ற சொற்களை உருவாக்கி, இடைவெளியே இல்லாமல் கணினிக் குரலில் வெறும் 2 நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். அதன் பிறகு 8 மாதக் குழந்தைகள் அந்தச் 'சொற்களை'யும், இரண்டு சொற்களின் ஓரங்களை ஒட்டிச் செய்த துண்டுகளையும் வெவ்வேறாகக் கேட்டன. இரண்டே நிமிடம்! என் படிவம் நான்கு மாணவர்களுக்கு நிகழ்தகவு நடத்தும்போது இதைச் சொல்வதுண்டு. "எட்டு மாதத்தில் நீங்கள் எல்லாரும் இதில் புலிகள்" என்றால் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

இலக்கணத்திற்கு வருவோம். இங்கே தமிழ்க் குழந்தைகளைப் பற்றியே நல்ல ஆய்வுகள் உள்ளன. பலருக்கு அவை தெரியாது. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய ஆர். நரசிம்மன், 1960இல் முழுமை பெற்ற 'டிஃப்ராக்' கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட தொடக்க காலக் கணினிகளில் அது ஒன்று. இயந்திரத்திற்கு மொழி கற்பிப்பது எப்படி என்று யோசித்தவர், மனிதக் குழந்தை எப்படிக் கற்கிறது என்று பார்க்கத் திரும்பினார். அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்ப் பெண் குழந்தை பெற்றோருடன் பேசியதை, அதன் 9ஆம் மாதம் முதல் 33ஆம் மாதம் வரை பதிவு செய்து எழுத்தில் பெயர்த்தார்கள். உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் குழந்தைப் பேச்சுகளைச் சேர்த்துவைக்கும் 'சைல்ட்ஸ்' தரவுத்தளத்தில் இன்று அது தமிழின் பங்காக இருக்கிறது. வைத்தியநாதன் பிறகு தமிழ்க் குழந்தைகள் கேள்வி கேட்கக் கற்பதைப் பற்றி 1988இலும், மறுத்துப் பேசக் கற்பதைப் பற்றி 1991இலும் கட்டுரைகள் வெளியிட்டார்.

மறுப்பது எளிய வேலை என்று நினைக்காதீர்கள். ஆங்கிலக் குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரே ஒரு 'நோ' போதும். தமிழ்க் குழந்தை பால் தீர்ந்துவிட்டால் 'இல்லை' என்றும், பால் பிடிக்காவிட்டால் 'வேணாம்' என்றும், குடிக்கச் சொன்னால் 'மாட்டேன்' என்றும் பிரித்துச் சொல்லவேண்டும். இதை யாரும் அதற்கு உட்காரவைத்துக் கற்றுத்தருவதில்லை.

வந்தேன், வந்தான், வந்தாள், வந்தது என்று வினைச்சொல்லின் வாலில் தொங்கும் விகுதிகளும் அப்படித்தான். 1989இல் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய தமிழ்க் குழந்தைகள் இந்த விகுதிகளைப் பெரும்பாலும் சரியாகவே பயன்படுத்தியது தெரியவந்தது. அதே வயது ஆங்கிலக் குழந்தைகள் வினைச்சொல்லின் இறுதி ஒலிகளை அடிக்கடி விட்டுவிடுவார்கள். தமிழ் கடினம், ஆங்கிலம் எளிது என்று சொல்பவர்களிடம் இந்த ஆய்வை எடுத்துக் காட்டலாம். தமிழில் ஒவ்வொரு விகுதியும் தெளிவாக ஒலிக்கிறது, தவறாமல் வருகிறது. குழந்தைக்கு அதுதான் வேண்டும்.

குழந்தை நம்மைப் பார்த்து அப்படியே ஒப்பிக்கிறது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் உண்டு. 'தாத்தாவுக்கு', 'அவனுக்கு' என்று கேட்டுப் பழகிய பிள்ளை ஒரு நாள் 'நானுக்கு வேணும்' என்கிறது. வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பின் எங்கிருந்து வந்தது? விதியைத் தானே கண்டுபிடித்து, விதிவிலக்கு இருப்பது தெரியாமல் பயன்படுத்துகிறது. 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத ஒரு பிராணியை வரைந்து 'வக்' என்று பெயரிட்டு, இரண்டு இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று குழந்தைகளைக் கேட்டார். 'வக்ஸ்' என்றார்கள். கேட்டேயிராத சொல்லுக்கும் பன்மை தெரிந்திருந்தது. இதைத் தமிழில் அப்படியே செய்தால் பலிக்காது. பேச்சில் 'ரெண்டு பூனை' என்றாலே நமக்குப் போதும், 'கள்' தேவையில்லை. நீங்கள் வேறு மாதிரி செய்து பாருங்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளையிடம் ஒரு விசித்திரப் பிராணியை வரைந்து, "இதன் பேர் கிபு. இதுக்குப் பசிக்குது. யாருக்குப் பசிக்குது?" என்று கேளுங்கள். 'கிபுவுக்கு' என்று பதில் வரும். அந்த 'வு' எங்கிருந்து வந்தது என்று நமக்கே யோசித்துத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

மூன்று மொழி கேட்டால் குழம்பிவிடுமா?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தக் கேள்விதான். அம்பாங்கில் ஓர் அடுக்குமாடிக் குழந்தையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பாட்டியிடம் தமிழ். கீழ்மாடி அக்காவிடம் மலாய். தொலைக்காட்சியில் ஆங்கிலம். யோங் தாவ்ஃபூ கடையில் சீனம். எங்கள் பகுதியில் கொரியர்களும் நிறைய இருப்பதால் மின்தூக்கியில் கொரிய மொழிகூடக் காதில் விழும்.

எங்கள் குடியிருப்பில் ஓர் இளம் தம்பதியின் மகன் இரண்டு வயதாகியும் நாலைந்து சொற்களுக்கு மேல் பேசவில்லை. ஒரு பாலர்பள்ளியில், "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பையன் குழம்பிப்போயிருக்கிறான்" என்றார்கள். அவர்களும் நிறுத்தினார்கள். பையனைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது பாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். சோறு ஊட்டும்போது, "ஈட், ஈட்" என்பார், அவ்வளவுதான். காக்கா வந்த கதையும், 'மம்மம்', 'தாச்சி' எல்லாமும் நின்றுபோயின. பேச்சு வராத பிள்ளைக்குக் காதில் விழும் பேச்சையும் குறைத்துவிட்டார்கள் என்பதே நடந்தது.

இந்த அறிவுரைக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. 2010இல் வான்கூவரில் நடந்த ஓர் ஆய்வில், கர்ப்பக் காலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியும் பேசிய தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகள் இரண்டு மொழிகளையும் விரும்பிக் கேட்டன. அதோடு இரண்டும் வேறு வேறு என்றும் பிரித்தறிந்தன. மாண்ட்ரியாலில் ஃபிரெட் ஜெனசியின் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் அம்மாவிடம் அம்மாவின் மொழியையும், அப்பாவிடம் அப்பாவின் மொழியையும் கூடுதலாகப் பயன்படுத்தியது பதிவாகியிருக்கிறது. 'அம்மா, சூசு வேணும்' என்று பிள்ளை கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளமில்லை. கையில் கிடைக்கும் சொல்லை எடுத்துக்கொள்கிறது. நாமும் அதைத்தானே செய்கிறோம்?

சொற்களின் எண்ணிக்கையில்தான் பெற்றோர் பயந்துபோகிறார்கள். 1993இல் பார்பரா பியர்சனும் அவருடைய குழுவினரும் மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிக் குழந்தைகளுக்கு நிகராக இருந்தார்கள். உங்கள் பிள்ளைக்கு 'பூனை' தெரியும், 'கூச்சிங்' தெரியும், 'கேட்' தெரியும் என்றால் மூன்று சொல் தெரியும். ஆங்கிலப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்று என்று எழுதுவது கணக்குப் பிழை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு மொழியும் அது கேட்கப்படும் நேரத்திற்கு ஏற்பவே வளரும். தினமும் பத்து நிமிடம் தமிழ் கேட்கும் பிள்ளைக்குப் பத்து நிமிடத் தமிழ்தான் வரும். பள்ளியும் நண்பர்களும் வந்தபிறகு அவர்களுடைய மொழி முந்திக்கொள்ளும். நாம் தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகள் எத்தனை! மலாயும் ஆங்கிலமும் வெளியிலிருந்து தாமாகவே வந்துசேரும், தமிழ் அப்படி வராது என்பது என் கருத்து. நீங்கள் எந்த மொழியில் தடங்கலில்லாமல் கொஞ்சவும் கோபப்படவும் கதை சொல்லவும் முடியுமோ, பிள்ளையிடம் அந்த மொழியில் பேசுங்கள். அது ஆங்கிலமாக இருந்தால் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், தவறில்லை.

கைப்பேசி ஆசிரியர் ஆகுமா?

ஆகாது. 2003இல் சியாட்டிலில் பேட்ரீசியா கூல் நடத்திய சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. 9 மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பிரிவினருடன் மாண்டரின் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் வாசித்து விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 நிமிடம். இன்னொரு பிரிவினர் அதே நபர்கள் அதே புத்தகங்களை வாசிப்பதைக் காணொளியில் பார்த்தார்கள். நேரில் கேட்டவர்கள் மாண்டரினுக்கே உரிய ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளைப்போலவே பிரித்தறிந்தார்கள். காணொளி பார்த்தவர்கள் மாண்டரினே கேட்காத குழந்தைகளின் நிலையில்தான் இருந்தார்கள். ஐந்து மணிநேரக் காணொளியின் பயன் பூச்சியம்.

குழந்தை பார்க்கும் திசையை நாம் பார்க்கிறோம். அது 'பா' என்றால் 'ஆமா, பால்!' என்கிறோம். அது சிரித்தால் பேச்சை நிறுத்திச் சிரிக்கிறோம். காணொளி யாருக்காகவும் நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரையே கூடாது என்றும், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணிநேரத்திற்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சமைக்கும் நேரத்திற்குக் கைப்பேசியைக் கொடுக்கத்தான் நேரிடுகிறது. அதற்காக யாரையும் குறை சொல்லமாட்டேன். அது மொழி கற்றுக்கொடுக்கிறது என்று மட்டும் நம்பவேண்டாம்.

காதைச் சோதியுங்கள்

மேலே சொன்ன பையனின் காதுகளைப் பிறகு சோதித்தபோது, அடிக்கடி வந்த சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. அவனுக்குப் பேச்சு, நீருக்கடியில் கேட்பதுபோல மங்கலாகத்தான் கேட்டிருக்கிறது. அதற்குச் சிகிச்சை நடக்கிறது. பாட்டியும் பழையபடி பேசத் தொடங்கியிருக்கிறார்.

கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறதே, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பாதி கேட்கும் காதும் சில நேரம் திரும்பவைக்கும். 12 மாதத்தில் 'பபப', 'மமம' என்ற மழலை இல்லை; கை நீட்டிச் சுட்டிக்காட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 2 வயதில் 'அப்பா வா' போன்ற இரண்டு சொல் தொடர், ஒப்பித்தல் அல்லாமல் தானாக, வரவில்லை. எந்த வயதிலும், வந்த சொற்கள் மறைந்துபோகின்றன. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திராமல் தாய்சேய் நலக் கிளினிக்கிற்குப் போய்ச் செவிச் சோதனைக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். 'ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்', 'அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு' என்று வீட்டில் சொல்வார்கள். அப்படியே இருந்தாலும் சோதித்துப் பார்ப்பதால் இழப்பு எதுவுமில்லை.

போகும்போது ஒரு தாளில் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். 'தண்ணி'க்கு அது 'தன்னி' என்றோ 'அன்னி' என்றோ சொன்னாலும் எப்போதும் தண்ணீருக்கே அப்படிச் சொல்கிறது என்றால் அதுவும் ஒரு சொல்தான். பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமோ ஆயாவிடமோ கேட்டு எழுதுங்கள், உங்களுக்குத் தெரியாத சொற்கள் அவர்களிடம் இருக்கும். மருத்துவர் ஆங்கிலத்தில் மட்டும் எத்தனை சொல் என்று கேட்டால், முழுத் தாளையும் காட்டுங்கள்.